டர்போ டைமர்: எந்த வகை, எந்தக் காருக்கு?

வேகமாக ஓட்டி வந்த காரை நிறுத்திய கையோடு இன்ஜினை அணைத்தால், டர்போசார்ஜருக்கு (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிக்கு) போகும் ஆயில் ஓட்டமும் அப்போதே நின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய டர்போ தண்டின் பேரிங்கில் தேங்கும் ஆயில், முழுச் சுமையில் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும் பெட்ரோல் இன்ஜின் புகையால் சூடேறிய டர்பைன் பக்கத்திலிருந்து பரவும் வெப்பத்தில் கருகி, நாளடைவில் ஆயில் பாதையை அடைத்துவிடும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைச் சற்று நேரம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத மெதுவான ஓட்டத்தில்) ஓடவிட்டு இதைத் தவிர்ப்பதே டர்போ டைமரின் வேலை.

எச்.கே.எஸ், ஏபெக்ஸி, கிரெடி, பிளிட்ஸ் போன்ற ஜப்பானிய பிராண்டுகளின் பெயர்களை ஒப்பிடுவதைக் காட்டிலும், டைமர் நேரத்தைத் தீர்மானிக்கும் முறையை ஒப்பிடுவதே பயன் தரும். நிலையான நேர வகையில் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நாமே அமைத்துவிடுகிறோம். வயர் குறைவு, பழுதும் குறைவு. ஆனால் கடைசி பத்து நிமிடம் நெரிசலில் ஊர்ந்து வந்து, டர்போ ஏற்கெனவே ஆறியிருந்தாலும் அது அதே நேரம் எண்ணிக்கொண்டிருக்கும். தானியங்கி வகை, இன்ஜின் சுற்று போன்ற சிக்னல்களைக் கவனித்து, எப்படி ஓட்டினோம் என்பதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. மலைப்பாதையிலும் நகரத்திலும் மாறி மாறி ஓட்டுபவருக்கு இதுவே பொருத்தம். சிக்னல் வயரைச் சரியான இடத்தில் இணைக்காவிட்டால் மட்டும் கணக்கு தப்பும்.

புகைக்குழாயில் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியைப் பொருத்தி வெப்பத்தை அளக்கும் மூன்றாவது வகைதான் மிகத் துல்லியமானது என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஐடிலுக்கு வந்ததும் புகையின் வெப்பம் சடசடவென்று இறங்கிவிடும். கனமான வார்ப்பிரும்பாலான டர்பைன் கூடு அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. ஆக, திரையில் தெரிவது புகையின் நிலவரமே தவிர பேரிங்கின் நிலவரம் அன்று. மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதியில்) துளையிடும் செலவு, வெப்ப மானியும் தேவைப்படுபவருக்கே நியாயமாகும்.

எந்த வகையை எடுத்தாலும் ஹேண்ட் பிரேக் இணைப்பில் சமரசம் கூடாது. பிரேக்கை விடுவித்த நொடியே இன்ஜினை அணைக்கும் அந்த ஒற்றை வயரைச் சில மெக்கானிக்குகள் வேலை எளிதாகட்டும் என்று நேரே எர்த்தில் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் பிரேக் எப்போதும் போட்டிருப்பதாகவே டைமர் எண்ணிக்கொள்ளும். மேனுவல் கியர் காரை நியூட்ரலில்தான் விட்டுச் செல்ல வேண்டும் என்பதால், சரிவில் கியரில் நிறுத்திப் பழகியவருக்கு டைமர் ஒத்துவராது. மூடிய கேரேஜில் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். ஆளில்லாமல் இன்ஜினை ஓடவிடுவதைச் சட்டம் தடுக்கும் நாடுகளும் உண்டு.

நீர்க் குளிர்ச்சியுள்ள டர்போவில், இன்ஜின் நின்ற பிறகும் சூடான கூலன்ட் மேலெழுந்து தானாகவே சிறிது நேரம் சுழலும். பல புதிய கார்களில் இதற்கென்றே மின்சார பம்ப் உள்ளது. அத்தகைய காரை வைத்திருப்பவர் கடைசி சில நிமிடங்களை மிதமாக ஓட்டினாலே போதும், டைமருக்குச் செலவிட வேண்டியதில்லை. ஆயிலால் மட்டும் குளிரும் பழைய டர்போ என்றால், காருக்கென்றே செய்த ஹார்னஸுடன் (வெட்டாமல் செருகும் வயர் தொகுப்புடன்) வரும் தானியங்கி வகையை வாங்கலாம். அதற்கு ஹார்னஸ் கிடைக்காத காரில், இக்னிஷன் வயர்களை வெட்டி ஒட்டுவதைவிட, நிறுத்திய இடத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு அணைப்பதே மேல்.