மூன்றே நாளில் விரல் வீக்கம் வடிந்ததா? அந்தப் பொட்டலத்தைச் சந்தேகப்படுங்கள்

முஷ்டி பிடித்தால் வரிசையாகப் புடைத்து நிற்கிறதே, அந்த விரல் முட்டிகளில் வலி என்று போன ஒரு தையற்காரப் பெண்மணிக்கு நடந்தது இது. வயது 44. இரண்டு கையிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் வீங்கி, இடையில் இருக்கும் பள்ளமே தெரியவில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைப்பதே பெரும்பாடு. மூட்டுவலிக்கு என்றே போர்டு வைத்திருந்த ஒரு கடையில் நாடி பார்த்துவிட்டு “யூரிக் ஆசிட் ஏறியிருக்கு” என்றார்கள். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு 30 சூரணப் பொட்டலம், 4,500 ரூபாய். லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. மூன்றாம் நாள் வலி பறந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் 11 மாதம் தொடர்ந்து வாங்கினார்.

முதல் பொய் யூரிக் ஆசிட். யூரிக் ஆசிட் ஏறுவதால் வரும் கௌட் எனும் மூட்டுநோய் பெரும்பாலும் கால் பெருவிரலில் திடீரென்று, ராத்திரியோடு ராத்திரியாகத் தொடங்கும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு வருவது அபூர்வம். இரண்டு கையிலும் ஒரே மாதிரி முட்டிகள் வீங்கி, நுனிக் கணு மட்டும் தப்பித்திருந்தால் முதலில் நினைக்க வேண்டியது சரவாங்கி எனும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). வயதானால் வரும் தேய்மானம் இதற்கு நேர்மாறு: நுனிக் கணுவிலும் கட்டைவிரல் அடியிலும் உட்காரும், காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். நான்கு முட்டிகளையும் பக்கவாட்டில் சேர்த்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், கை குலுக்கும்போது அழுத்துகிற அளவுக்குத்தான். அதற்கே உயிர் போகிறது என்றால் மூட்டுவாத நிபுணரிடம் போக வேண்டிய நேரம்.

இரண்டாவது, அந்த மூன்றாம் நாள். முடக்குவாத வீக்கத்தை அவ்வளவு வேகமாக வடிக்கும் வேலை ஸ்டீராய்டுக்குக் கைவந்த கலை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் குழுவினர் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டபோது, படுக்கையோடு கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. பக்கவிளைவுகள் பின்னாலேயே வந்தன. மூலிகைச் சூரணத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்தால் இதே வித்தைதான். 0.75 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் டாக்டர்கள் வழக்கமாக எழுதும் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டில் 5 மில்லிகிராமுக்குச் சமம். ஒரு சிட்டிகைக்குள் எத்தனை மாத்திரை ஒளிந்திருக்கிறது என்று கட்டிக் கொடுக்கிறவருக்கே தெரியாது. முறையாகச் சித்த மருத்துவம் பார்ப்பவர்களுக்கும் இதனால் கெட்ட பெயர்.

பதினோராம் மாதத்தில் முகம் வட்டமாக உப்பி, சர்க்கரை ஏறி, தொட்ட இடமெல்லாம் தோல் கன்றத் தொடங்கியது. பெரிய மருத்துவமனையில் காலை 8 மணிக்கு, உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலை ரத்தத்தில் அளந்தார்கள், அடிமட்டம். உடம்பில் ஸ்டீராய்டு கூடிப்போனதாக முகம் சொல்கிறது, உடம்போ தானாகச் சுரப்பதை நிறுத்திவிட்டது. அப்படியானால் அது வெளியிலிருந்துதான் வருகிறது. குட்டு உடைந்தது இந்த இடத்தில்தான்.

கைக்கு ஆன சேதம் தனி. ஸ்டீராய்டு வலியை அடக்கியதே தவிர, நோய்க்கான மருந்து ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டன. முட்டியின் உச்சியில் ஓடி விரலை நிமிர்த்த வேண்டிய தசைநாண் பக்கத்துப் பள்ளத்தில் சரிந்து கிடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: விரலைத் தானாக நிமிர்த்த முடியாது, ஆனால் மறு கையால் நிமிர்த்திவிட்டால் அப்படியே பிடித்துக்கொள்ள முடிகிறது என்றால் நாண் சரிந்திருக்கிறது. நிமிர்த்தி விட்டதும் பொத்தென்று விழுந்தால் நாண் அறுந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. இனி அறுவையில் நாணை மையத்துக்குக் கொண்டுவரலாம், எலும்பே அரித்திருந்தால் சிலிக்கோன் மூட்டு வைக்கலாம். வலி குறையும், விரல் நேராகும். பழைய பிடிமானம் திரும்பும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது பெரிய ரகசியமில்லை. வீக்கத்தைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதத்தைக் காட்டும் ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி ஆகிய ரத்தப் பரிசோதனைகள், இரண்டு கைக்கும் எக்ஸ்ரே. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்றாலும் நோய் இருக்கலாம். பெரும்பாலும் முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். இந்தக் காத்திருப்பில்தான் பலர் பொட்டலக் கடைக்கு ஓடுகிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒரே நாள்தான் போட வேண்டும். மருந்துக் கடைக்காரர் கவர்மேல் “தினமும் 1” என்று கிறுக்கிக் கொடுத்தால், வாய்ப்புண்ணில் தொடங்கி ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அட்டைமேல் “ஞாயிறு மட்டும்” என்று பேனாவால் எழுதிவையுங்கள். மருத்துவர் எழுதும் ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில். ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூடாக வீங்கிய முட்டியை எண்ணெய் போட்டு உருவி, சொடக்கெடுக்க யாருக்கும் கையைக் கொடுக்காதீர்கள்.

சித்த, ஆயுர்வேத மருந்து என்றாலும் லேபிளில் உரிம எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். வாதநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இப்போது அப்படிப்பட்ட பொட்டலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்த வேகத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 3 வாரத்துக்கு மேல் உள்ளே போன ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரை போகும். மீதிப் பொட்டலங்களோடு ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பாருங்கள். அளவு தெரிந்த பிரெட்னிசலோனுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார். இரண்டு பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் எடுத்துவையுங்கள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.