ஆற்றோர ஓட்டமா, புளோக்கைச் சுற்றி நடையா? விலக இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

2020 மே மாதம், கொவிட்-19 கட்டுப்பாடுகளுக்கு நடுவே சிங்கப்பூரிலிருந்து இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாகக் காலாங் ஆற்றோரம் ஓடிக்கொண்டிருந்த நான், இப்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு அப்பாவுடன் நாங்கள் இருக்கும் பொத்தோங் பாசிர் வட்டாரத்து அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றி நடக்கிறேன். தொற்றைத் தடுக்க எல்லோரையும் கூடுமானவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லும் சர்க்கிட் பிரேக்கர் ஏப்ரல் 7ஆம் தேதி தொடங்கி ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதற்குள் ஆற்றோரப் பாதை, பீஷான் பூங்கா, தம்பியின் சைக்கிள், வீட்டுக் கூடம் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டோம். ஜூன் 1 வரை நீட்டித்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. வயதானவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் பட்ட அனுபவம் உதவட்டும்.

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை உண்டு. பலதுறை மருந்தகத்தில் தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதியவர்கள் கூடுமானவரை வீட்டிலேயே இருங்கள் என்று அரசாங்கமும் கேட்டுக்கொள்கிறது. இரண்டுமே சரியான பேச்சுதான். இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வழி தேடியதில்தான் இந்த ஒப்பீடெல்லாம் வந்தது.

2020இன் இந்த நாள்களுக்கான விதிகள் இவை. தனியாகவோ ஒரே வீட்டில் இருப்பவர்களுடனோ, வீட்டுக்குப் பக்கத்தில், மற்றவர்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி. சார்வரி வருடம் பிறந்த ஏப்ரல் 14 அன்றுதான் முகக்கவசமும் கட்டாயமானது. ஓட்டம் போலக் கடுமையான பயிற்சி செய்யும்போது கழற்றலாம், முடித்ததும் மறுபடி போட வேண்டும். மீறினால் முதல் தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அடுத்த தடவை 1,000 வெள்ளி அபராதம். கடற்கரை, நீச்சல்குளம், உடற்பயிற்சி மூலை எல்லாம் மூடியாகிவிட்டது.

வீட்டுக்குள் பயிற்சியைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. தொற்றிலிருந்து தப்ப அதைவிடப் பாதுகாப்பு கிடையாது. முடிந்தவர்கள் அதையே செய்யுங்கள். அப்பா நான்கு நாள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். ஐந்தாம் நாள் உட்கார்ந்துவிட்டார். நான் கயிறு தாண்டியதில் கீழ்வீட்டுக்காரர்களின் கைக்குழந்தை எழுந்துகொண்டது. இதற்குமேல் அதை இழுக்கவில்லை.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவும் பட்டியலிலிருந்து சீக்கிரமே போய்விட்டது. இடம் விசாலமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த விசாலத்தை நம்பியே எல்லோரும் வருகிறார்கள். மே 8 முதல் அங்கே நாலுகால் ரோபோ நாய் ஒன்று நடந்து, இடைவெளி விடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவருகிறது. எந்தப் பூங்காவில் எவ்வளவு கூட்டம் என்று பார்க்கத் தேசியப் பூங்காக் கழகம் இணையத்தில் ஒரு பக்கமே திறந்திருக்கிறது. ஓர் இடத்துக்கு இவ்வளவு கண்காணிப்பு தேவைப்படுகிறது என்றால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக அது சரியான இடமில்லை. தவிர, எங்கள் வீட்டிலிருந்து அது பக்கமும் இல்லை.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம். ஆற்றோரமா, புளோக்கைச் சுற்றியா?

ஆற்றோரமாகப் போகும் காலாங் பூங்கா இணைப்புப் பாதையின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் தண்ணீர் மேல் வெளிச்சம் விழும்போது அங்கே ஓடுவது தனிச் சுகம். சிக்னல் இல்லை, கார் இல்லை, தூரம் கணக்குப் பார்க்கவும் வசதி. சாதாரண நாளில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இப்போதைய சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: எதிரே ஆள் வந்தால் எங்கே விலகுவது?

நாங்கள் போகும் பகுதியில் ஒரு பக்கம் ஆற்றுக் கம்பித் தடுப்பு. மறுபக்கம் புல். சர்க்கிட் பிரேக்கர் தொடங்கியதிலிருந்து புல் வெட்டும் வேலை நின்றுபோயிருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே இருந்த புல் இன்று முழங்கால் வரை வளர்ந்து, மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்து, பட்டாம்பூச்சி வந்து உட்கார்கிறது. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் எதிரே ஒருவர் ஓடி வரும்போது அப்பா அதற்குள் காலை வைக்கத் தயங்கி நிற்கிறார். "உள்ள பாம்பு கீம்பு இருந்தா என்னம்மா பண்றது?" என்று கேட்கிறார். பனியில் வழுக்கவும் செய்கிறது. அவர் நிற்க, ஓடுபவர் வேகத்தைக் குறைக்காமல் தோளை உரசுவதுபோல் கடந்துபோகிறார். ஓடுபவரையும் குறைசொல்ல முடியவில்லை. அவருக்கும் ஒதுங்க இடமில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஏழேகாலிலிருந்து நாற்பது நிமிடம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் எத்தனை பேர் என்னைக் கடக்கிறார்கள் என்று ஓடிக்கொண்டே எண்ணிப் பார்த்தேன். 61 பேர். மறுநாள் அதே நேரம், அதே நாற்பது நிமிடம், அப்பாவுடன் புளோக்குகளைச் சுற்றி நடந்தபோது நான்கு பேர். ஒரே ஒரு வாரயிறுதிக் கணக்குதான் இது. வார நாளில் ஆற்றோரத்தில் ஆள் குறைவாக இருக்கலாம். இருந்தாலும் இவ்வளவு வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் யோசித்ததில் காரணம் புரிந்தது. ஓடும்போது எதிரே வருபவர்களைச் சீக்கிரம் சீக்கிரமாகச் சந்திக்கிறோம். முன்னால் நடப்பவர்களையும் ஒவ்வொருவராகத் தாண்டுகிறோம். அதுவும் முகக்கவசம் இல்லாமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. தாண்டப்படுபவருக்கு நாம் பின்னால் வருவதே தெரியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் நாம் பக்கத்தில் இருக்கிறோம். ஆறு வருடமாக நான் எத்தனை பாட்டிமார்களை இப்படித் தாண்டியிருப்பேன் என்று நினைத்தபோது மனம் கஷ்டப்பட்டது. விதிப்படி நான் சரி. ஆனால் ஒரு மீட்டர் என்ற விதியை அந்தப் பாதையில், அந்த நேரத்தில், ஓடிக்கொண்டே என்னால் காப்பாற்ற முடியவில்லை.

புளோக்கைச் சுற்றி நடப்பதில் அழகு குறைவுதான். ஆனால் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு வழி பிரிகிறது. எதிரே யாராவது வந்தால் வாகன நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். எல்லோரும் வீட்டில் இருப்பதால் கார்கள் வரிசையாக அசையாமல் நிற்கின்றன. இரண்டு காருக்கு நடுவே ஒதுங்கினால் போதும். இல்லை என்றால் வலப்பக்கம் திரும்பி அடுத்த புளோக்கின் ஓரமாகப் போகலாம். சரிந்த கூரைப் புளோக்கைத் தாண்டி, சிவதுர்க்கை ஆலயத் திசையில் கொஞ்ச தூரம், பிறகு திரும்பி வரலாம். இதுதான் பாதை என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. ஆள் இல்லாத பக்கம் எதுவோ அதுவே அன்றைய பாதை. முதல் வாரத்திலேயே அப்பாவுக்கு இது பழகிவிட்டது. தூரத்தில் ஆள் தெரிந்ததும் என் முழங்கையைத் தொட்டு, எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே காட்டுகிறார். எதிர்ப்புளோக்கின் சீன அங்கிள் ஒருவர் தினமும் அதே நேரத்துக்கு வருகிறார். அவர் சாலையின் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கையை உயர்த்திக்கொள்வதோடு சரி.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு எப்போது தலை சுற்றும், எப்போது கழிவறை தேவைப்படும் என்று சொல்ல முடியாது. ஆற்றோரத்தில் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டால் அத்தனையும் திரும்பி நடக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறவும் இப்போது வழியில்லை. இங்கே ஐந்து நிமிடத்தில் வீடு. பையில் ஒரு மிட்டாய் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வழியிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதை நான் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன். மின்தூக்கி. வெளியே அவ்வளவு ஒதுங்கி ஒதுங்கி நடந்துவிட்டு, திரும்பும்போது மூன்று பேருடன் ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்றோம். திறந்தவெளியில் ஒருவர் நொடி நேரத்தில் கடந்துபோவதைவிட, மூடிய இடத்தில் ஒன்றாக நிற்பதுதான் ஆபத்து. இப்போது ஒன்பதாம் மாடியிலிருந்து படியில் இறங்குகிறோம். ஏறும்போது அப்பாவால் முடியாது. அதனால் மின்தூக்கி காலியாக வரும்வரை வெளியே காத்திருக்கிறோம். சில நாள் மூன்று தடவை விட்டுவிட வேண்டியிருக்கிறது. பொத்தானை வீட்டுச் சாவியின் முனையால் அழுத்துகிறார் அப்பா. ஆற்றோரம் போவதாக இருந்தாலும் மின்தூக்கி மின்தூக்கிதான். அதனால் இந்தக் குறையை நடைக்கு எதிராக நான் வைக்கவில்லை.

முகக்கவசத்தோடு நடப்பது சுகமான காரியம் இல்லை. சமூக மன்றத்தில் கொடுத்த துணிக் கவசம் இருபது நிமிடத்தில் வியர்வையில் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்கிறது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது. ஆளுக்கு இரண்டு கவசம் வைத்துக்கொண்டோம். ஒன்று முகத்தில், ஒன்று சுத்தமான பிளாஸ்டிக் பையில். பாதி வழியில் ஆள் இல்லாத மூலையில், கைத்தூய்மி போட்டுக்கொண்டு மாற்றிக்கொள்கிறோம். வேகத்தையும் குறைத்துக்கொண்டோம். எனக்கு இது போதுமான பயிற்சி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மூச்சு வாங்க ஓடியவளுக்கு நடை ஈடாகாது. வாரத்தில் இரண்டு நாள், மழை விட்ட கையோடு, பாதையில் ஆள் குறைந்திருக்கும்போது மட்டும் தனியாக ஓடுகிறேன். யாரையும் தாண்டும் நிலை வந்தால் நின்று, புல்லில் இறங்கி, அவர் போனபிறகு தொடர்கிறேன்.

சைக்கிளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. தம்பியின் சைக்கிளை மூன்று தடவை எடுத்தேன். யாருடனும் நெடுநேரம் பக்கத்தில் இருக்க நேராது என்பது நல்ல விஷயம். ஆனால் இணைப்புப் பாதையில் 25, நடைபாதையில் 10 கிலோமீட்டர் என்ற வேக வரம்புக்குள், இத்தனை நடையர்களுக்கு நடுவே ஓட்டுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஏறி மிதித்தால் தூரம் போய்விடவும் தோன்றுகிறது. விழுந்து கையை உடைத்துக்கொண்டு இந்த நேரத்தில் மருத்துவமனையில் போய் நிற்கவும் மனமில்லை. நன்றாகப் பழகியவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை ஐந்தரை முதல் ஏழு வரை எங்கள் பக்கம் வேண்டவே வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அப்போதுதான் இறங்குகிறார்கள். நாங்கள் விடிவதற்கு முன்னால், ஆறேகாலுக்குக் கிளம்பி, சூரியன் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறோம்.

இவ்வளவு கவனம் தேவையா என்று என் தோழி கேட்டாள். எனக்குத் தேவை என்றுதான் படுகிறது. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வாரக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராமல் இருக்கிறார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி தனிமைப்படுத்தப்பட்ட முதல் இரண்டு விடுதிகளில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர். இந்தப் பாதைகளில் புல் வெட்டியவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான். அவர்களுக்குக் கிடைக்காத நாற்பது நிமிடம் எனக்குக் கிடைக்கிறது. அதை இன்னொருவர் பயந்து ஒதுங்கும்படி செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அப்பா சாயங்காலமும் ஒரு சுற்று போகலாமா என்று கேட்டார். இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரைக்குமேல் கீழே எப்படி இருக்கிறது என்று இன்று தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றிருக்கிறேன்.