கச்சான் காற்றுக்குத் தப்பிய பூக்கன்றுகளும் ஒரு கடையும்

எங்கள் வாசலில் கேற்றிலிருந்து படி வரை 15 அடி நடைபாதை. இரண்டு கரையும் வெறும் கடல்மணல். மட்டக்களப்புக் கல்லடியில் இருப்பவர்களுக்குத் தெரியும், கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று தொடங்கினால் செவ்வந்தி ஒரு கிழமைகூடத் தாங்காது. அதனால் இந்த மே மாதம் கல்முனை வீதியோரக் கடையொன்றில் உயராமல் பதிவாக வளரும், வெயிலுக்கு நிற்கும் பூக்கன்றுகளாகவே கேட்டு வாங்கினேன். பத்துமணிப்பூ 12, பட்டிப்பூ (நித்தியகல்யாணி) 12, குட்டை வாடாமல்லி 6. பை ஒன்று 80 ரூபா.

முதலில் பத்துமணி. இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போடுவேன். மணலில் அப்படியே நட்டேன், மூன்றே கிழமையில் கரை முழுவதும் பாய் விரித்த மாதிரிப் படர்ந்தது. சாணளவு உயரம்கூட இல்லை. இலை ஊசி போல, சதைப்பிடிப்பாக இருக்கும். தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். காலை ஒன்பதரைக்கு மொட்டு நெகிழத் தொடங்கும், பத்தரைக்குப் பார்த்தால் ஒவ்வொரு பூவிலும் ஒரு சின்னத் தேனீ. பின்னேரம் சுருங்கிவிடும், மப்பு நாளில் சரியாக விரியவும் மாட்டாது. ஆகவே வேலை விட்டு ஆறு மணிக்கு வீடு வருபவர்களுக்கு இது ஏற்ற பூ இல்லை.

பட்டிப்பூவில்தான் மனம் நொந்தது. "ரெண்டு நேரமும் தண்ணி விடுங்க அக்கா" என்று கடைக்காரத் தம்பி சொன்னார், நானும் விட்டேன். பத்தாம் நாள் ஐந்து கன்று தலை தொங்கிவிட்டது. வெயில் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒன்றைப் பிடித்து இழுத்தபோது வேரில்லாமல் கையோடு வந்தது. மண்ணோடு சேரும் இடத்தில் தண்டு கறுத்து, நூல் போலச் சுருங்கியிருந்தது. பையோடு வந்த மண் கட்டியை உடைத்தால் வயல் களி. மேலே வெடிப்பு, உள்ளே ஈரம் குளிர்ந்து கிடந்தது. வேரடியில் தண்ணீர் தேங்கினால் பட்டிப்பூவுக்கு வரும் பைட்டோப்தோரா என்கிற, பூஞ்சை போன்ற கிருமியின் அழுகல் இப்படித்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "சவக்காலையில பூக்கிற பூவுக்கு ஆரு பிள்ள தண்ணி ஊத்துற?" என்று கேட்டா. சரிதானே! மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, எங்கள் ஊரில் மதில் வெடிப்பிலும் தானாக முளைக்கிறது. மிச்சம் ஏழையும் களி போகக் கழுவி, இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு கைப்பிடி தும்புத்தூள் கலந்து பூச்சாடியில் வைத்தேன். அடியில் ஓட்டையுள்ள சாடி. இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலையில் மட்டும் தண்ணீர். ஏழும் பிழைத்து இன்றைக்கும் பூக்கின்றன. பூத்தது தானே உதிர்வதால் கிள்ளவும் தேவையில்லை.

வாடாமல்லி பழுதில்லை. ஆனால் குட்டை என்று தந்ததில் இரண்டு இடுப்பளவு போய்விட்டது.

கடைக்கு 5க்கு 3 தருவேன். கன்று நல்ல இனம், விலையும் நியாயம், மண்ணும் ஆலோசனையும்தான் சரியில்லை. அங்கே திரும்பவும் போவேன், ஆனால் மாரி முடிந்து தை பிறந்த பிறகு. அதுவும் பட்டிப்பூவுக்கு மட்டும். பத்துமணிக்கு இனிக் காசு கொடுக்கத் தேவையில்லை: ஒற்றை இதழ்ப் பூவின் காய் சின்னச் சிமிழ் மாதிரி, முற்றியதும் மூடி தானாகக் கழன்று உள்ளே ஈயப்பொடி போல விதை மின்னும். அடுக்குப் பூவில் ஒரு விரல் நீளம் ஒடித்து மணலில் குத்தினால் போதும். நீங்கள் போனால் நிழல்வலைக்குள் இருக்கும் பைகளை விட்டுவிட்டு, வெளியே வெயிலில் நிற்கும் குட்டையான கன்றாகப் பார்த்து எடுங்கள். பையை அமத்திப் பாருங்கள். மண் கல்லாக இருந்தால் வைத்துவிடுங்கள்.