புயல் நேரத்தில் "லீவு கணக்கு எடுக்க மாட்டோம்" என்று போனில் சொன்னால் நம்பாதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, அடுத்த புயலுக்குப் பெயர் வைப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும். சென்னையில் தனியார் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள், அதிலும் ஹெச்ஆர் என்ற பெயரில் முதலாளியின் உறவினர் ஒருவர் உட்கார்ந்திருக்கும் சின்னக் கம்பெனிகளில் இருப்பவர்கள், தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் கிண்டிப் பக்கம் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் பில்லிங் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு முடிச்சூரில். 4ஆம் தேதி திங்கட்கிழமை சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை விட்டிருந்தது. விடிவதற்குள் தெருவில் தண்ணீர் ஏறி, எங்கள் கேட்டின் மேல் கம்பி மட்டும்தான் வெளியே தெரிந்தது. மேனேஜருக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா, நீங்க பத்திரமா இருங்க, இந்த லீவெல்லாம் கணக்குல எடுக்க மாட்டோம்" என்றார். வாட்ஸ்அப் குரூப்பிலும் அதையே வாய்ஸ் மெசேஜாகப் போட்டார்.

தண்ணீர் வடிந்து வேலைக்குப் போனதும் பேச்சு மாறியது. வராத நாட்களுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், வந்தால் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்றார்கள். வீட்டில் மெத்தையும் பீரோவும் சேற்றில் ஊறிக் கிடக்கும்போது, அதைக் கழுவி வெயிலில் போடக் கிடைக்கும் ஒரே நாளையும் விட்டுவிட்டுப் போய் வேலை பார்த்தோம். அந்த ஞாயிறுகளில் பயோமெட்ரிக் வைக்க வேண்டாம், நோட்டில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் வராத நாள் அத்தனைக்கும் எல்ஓபி (சம்பளமில்லா விடுப்பு), அது போதாதென்று புயலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கும் பிடித்திருக்கிறார்கள். வார விடுமுறையை ஒட்டி லீவு எடுத்தால் அதுவும் லீவுதானாம், கம்பெனி ரூலாம். வேலை பார்த்த ஞாயிறுகளுக்கு ஒரு பைசா இல்லை. நோட்டைக் கேட்டால் காணோம் என்றார்கள். குரூப்பில் வாய்ஸ் மெசேஜைத் தேடினால் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்று நிற்கிறது. ரேஷன் கடையில் கொடுத்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் பீரோ வாங்கவா, இவர்கள் பிடித்ததை ஈடுகட்டவா?

கேட்கப் போனால் ஒரே பதில்: "அரசு விடுமுறை தனியாருக்குப் பொருந்தாது." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எல்லோரும் வாயடைத்துத் திரும்பி வருகிறோம். புயலுக்கு விடப்படும் அந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) கீழ் வருவது, அரசு அலுவலகங்களையும் வங்கிகளையும்தான் அது கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதியுங்கள் என்று அப்போது அரசு கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் சொல்லாத மீதிப் பாதி இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 25ஆவது பிரிவு. கடை, அலுவலகம் எதுவானாலும் (தொழிற்சாலைக்குச் சட்டம் வேறு) வேலை செய்பவருக்கு வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு (கேஷுவல் லீவு) உண்டு, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கலாம். வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்திருப்பதைவிட நியாயமான காரணம் என்ன இருக்க முடியும்? எனக்கு அந்த விடுப்பு மீதம் இருந்தது, அதில் கழிக்காமல் நேராகச் சம்பளத்தில் கை வைத்தார்கள். அப்புறம், வராத நாளுக்குப் பிடிப்பதென்றால் சட்டப்படி வராத அளவுக்குத்தான் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துப் பிடித்ததற்கு எந்த நியாயமும் கிடையாது.

எங்களில் சிலர் சேர்ந்து இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, ஆர்பிஏடி தபாலில் (ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால்) அனுப்பினோம். நகலை தொழிலாளர் துறைக்கும் அனுப்புவோம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தோம். மறு மாதமே, புயலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிடித்த பணம் மட்டும் "அட்ஜஸ்ட்மென்ட்" என்ற பெயரில் வந்தது. மீதி வரவில்லை. நான் வேலையையே விட்டுவிட்டேன், பணம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே இந்த மழைக்கு, போனில் பேசி முடித்ததும் அதே விஷயத்தை மெயிலாக அனுப்புங்கள், "தற்செயல் விடுப்பு" என்ற வார்த்தையோடு, அன்றைக்கே. சார்ஜ் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸாவது. தெருவில் நிற்கும் தண்ணீரை ஒரு போட்டோ எடுங்கள், வாய்ஸ் மெசேஜ் வந்தால் உடனே வேறு நம்பருக்கு ஃபார்வர்டு செய்து வையுங்கள். ஈடு செய்ய ஞாயிறு வரச் சொன்னால், எந்த நாளுக்கு ஈடு என்று எழுதிக் கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்லுங்கள், நோட்டில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும்.