பளுவுக்கு முன் தூக்கத்தைக் கேட்ட பயிற்சிக்கூடம்

சேலம் அழகாபுரத்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறிய பயிற்சிக்கூடத்தில் என் பிள்ளைகள் இருவரும் பதினொரு மாதங்களாகப் பளுப்பயிற்சி செய்து வருகிறார்கள். மகளுக்கு 16 வயது. 400 மீட்டர் ஓடுகிறாள். மகனுக்கு 12, கபடி ஆடுகிறான். வளரும் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று தயங்கும் பெற்றோருக்கு என் அனுபவம் பயன்படக்கூடும்.

முன்பு வேறொரு ஜிம்மில் முதல் நாளே ஒரு பவுடர் டப்பாவை நீட்டி, இதைக் குடித்தால் பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும் என்றார்கள். அன்றே திரும்பிவிட்டோம். அப்படிப்பட்ட டப்பாவில் ஸ்டீராய்டு (அந்த ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்த மருந்து) கலந்திருந்து, வளரும் வயதில் உள்ளே போனால், உடல் தானாகச் சுரக்கும் ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டு, உயரமும் நின்றுவிடும்.

இங்கே மகனுக்கு முதல் மூன்று வாரங்கள் கிடைத்தது வெறும் மூங்கில் கம்பு. அதைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்பதை மாஸ்டர் தரையில் குந்தியபடி பார்ப்பார். "இப்ப பழகுறது உன் மூளையும் நரம்பும்தான் தம்பி, தசை பின்னால வரும்" என்பார். பருவமடையும் முன் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாகவே இருப்பதால், அந்த வயதில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவதே. பளு தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடுவான் என்று என் மாமியார் அஞ்சினார். முறையான மேற்பார்வையில் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் தெளிவுபடுத்தியுள்ளது.

பதின்பருவத்தினருக்குப் பயிற்சி முடிந்தவுடன் ஹார்மோன்கள் சற்றே உயர்ந்து, சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது இரவின் ஆழ்ந்த தூக்கத்தில்தான். டியூஷன் முடித்துப் பதினொன்றரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு மைதானத்துக்கு ஓடிக்கொண்டிருந்த என் மகளிடம், எட்டு மணி நேரம் தூங்க வழி செய்த பிறகே பளுவை ஏற்றுவோம் என்று கூறி, வாரம் மூன்று மாலைகளுக்குப் பயிற்சியை மாற்றித் தந்தார்கள்.

இந்தக் கூடத்தின் மீது எனக்குப் பெருமதிப்பு வரக் காரணம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். தூக்கம், காலை உணவு, தூக்கிய எடை, மாதவிடாய்த் தேதி என்று நான்கு கட்டங்கள். மகளின் சம்மதத்துடன் எழுதுகிறேன்: மூன்றாவது மாதமும் கடைசிக் கட்டம் காலியாக இருந்ததைப் பெண் பயிற்சியாளர்தான் முதலில் கவனித்து, என்னைத் தனியே அழைத்து, "அக்கா, இது நல்லா பயிற்சி பண்றதுக்கு அடையாளம் இல்ல, டாக்டரைப் பாருங்க" என்றார். உண்ணும் உணவு உழைப்புக்கு ஈடாகாதபோது, மூளை சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சரிந்து, எலும்பு உறுதிபெற வேண்டிய வயதிலேயே வலுவிழக்கத் தொடங்குகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையை முன்வைத்தபோது, ஆண்களையும் சேர்த்தே எச்சரித்தது. எடை கூடிவிடும் என்று காலையில் அவள் வெறும் டீயோடு ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மருத்துவர் மற்றக் காரணங்கள் இல்லையென்று சோதித்து உறுதி செய்தார். முட்டை, கேழ்வரகு அடை, வேர்க்கடலை என்று உணவைக் கூட்டி, ஓட்டத்தையும் சில வாரங்கள் குறைத்த பின், நான்காவது மாதத்தில் அந்தக் கட்டம் நிரம்பியது.

குறைகளும் உண்டு. இடம் நெருக்கடியானது, 15 கிலோ பார் (பளு மாட்டித் தூக்கும் கம்பி) ஒன்றுதான் இருப்பதால் மாலை ஆறரைக்கு மேல் காத்திருக்க நேரிடும். பெண் பயிற்சியாளர் திங்கள், புதன், வெள்ளி மட்டுமே வருகிறார். மகள்களைச் சேர்ப்பவர்கள் அந்த நாட்களையே கேட்டு வாங்குங்கள். மாதக் கட்டணம் 1,500 ரூபாய்; நோட்டுப் புத்தகத்தை அவர்களே தருகிறார்கள்.