பழைய கதவைக் கழற்ற விடாதீர்கள்: முடிச்சூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

போன வாரம் எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு விளம்பர அட்டை செருகியிருந்தது. கதவு, ஜன்னல், நிலை எல்லாம் புதிதாகப் பொருத்தித் தரப்படும், பழுதும் பார்க்கப்படும் என்று போட்டிருந்தது. பெயர் புதியது. கைபேசி எண் மட்டும் எனக்கு மனப்பாடமான எண், கதவு விஷயத்தில் எங்களை ஏமாற்றிய ஆளின் எண். நாற்பது முறையாவது அழைத்திருப்பேன். அந்த ஆளின் பெயரை இங்கே போடப் போவதில்லை. போட்டாலும் பயனில்லை, அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறி இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் ஒரு கதவும் சாத்தவில்லை. குளியலறைக் கதவுகள் இரண்டும் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டன. வாசல் கதவு நிலையோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. அது அப்பா வீடு கட்டியபோது போட்ட முழுத் தேக்கு. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். அந்த நேரம் பார்த்து இந்த விளம்பரக்காரர் வந்து நின்றார்.

உளியால் வாசல் கதவின் அடியில் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, "உள்ளே முழுக்க உளுத்துப்போயிற்று சார். ஒரு மாதத்தில் கையோடு வந்துவிடும்" என்றார். அம்மா நம்பவில்லை. "தம்பி, வைரம் பாய்ந்த கட்டை அது. காய்ந்தால் சரியாகிவிடும்" என்றார். நான் அம்மாவை அடக்கினேன். அம்மா சொன்னதுதான் சரி. முழு மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் இறங்கும். நிழலில் சில வாரம் காற்றாட வைத்து, பிறகு ஓரத்தை இழைத்துக்கொண்டால் போதும். ஒட்டுப்பலகையில் செய்த பிளஷ் டோர்தான், பசை விட்டுப்போனால் திரும்பாது. எதிர்வீட்டுக்காரர் தன் தேக்குக் கதவைக் கழற்றி மாடிப்படி அடியில் சாய்த்து வைத்தார். மார்ச் மாதம் அதையே மாட்டினார். இன்றும் ஒரு தள்ளில் சாத்துகிறது.

பேச்சு 41,000 ரூபாய்: தேக்கு வாசல் கதவு 32,000, இரண்டு குளியலறைக் கதவுகள் 9,000. முன்பணம் 25,000 கொடுத்தேன். அன்று மாலையே இரண்டு பையன்கள் வந்து மூன்று கதவுகளையும் கழற்றி வண்டியில் ஏற்றிப் போனார்கள். அளவெடுக்க வேண்டுமாம். அளவெடுக்க நாடா போதாதா என்று அப்போது ஏன் கேட்கத் தோன்றவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். கதவில்லாத வீட்டுக்காரனுக்கு வாய் கிடையாது. வாசலில் தார்ப்பாய், குளியலறையில் போர்வை, உள்ளே வயதான அம்மா, வேலைக்குப் போகும் மனைவி. இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் கூடத்தில் படுத்தோம். நான்காம் நாள் வருவேன் என்றவர் பதினெட்டாம் நாள் வந்தார். இடையில் மரம் விலை ஏறிவிட்டது என்று இன்னும் 10,000 கேட்டபோது மறுபேச்சில்லாமல் அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

வந்த கதவு பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. பூட்டுக்குத் துளை போட்டபோது உதிர்ந்த தூளில் தேக்கு வாசனையே இல்லை. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளுத்த மென்மரத் துண்டுகளை அடுக்கி, மேலே காகிதம் கனத்தில் தேக்குத் தோல் ஒட்டியிருந்தது. கேட்டால், "டீக் டோர் என்றால் இதுதான் சார்" என்கிறார். தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். பழைய கதவைத் தூக்க இரண்டு பேர் திணறினார்கள், இதை அந்தப் பையன் ஒருவனே தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அப்போதே விழித்திருக்க வேண்டும். பிளஷ் டோரிலும் நல்லது உண்டு. அதற்கு ஐ.எஸ். 2202 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கும். இதில் ஒன்றுமில்லை.

நிலைக்காலின் அடியில் அழுகிய பாகத்தை வெட்டிவிட்டு, ஒன்றரை அடியில் இரண்டு துண்டுகள் ஒட்டினார்கள். அதற்கு ஒரு கன அடி மரம் என்று கணக்கு எழுதினார். துண்டின் குறுக்களவு 5க்கு 3 அங்குலம், நீளம் இரண்டும் சேர்த்து 3 அடி. 5, 3, 3 மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் 0.31 கன அடி. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மரக்கணக்கு யாருக்குத் தெரியும் என்ற தைரியம்தான்.

பொருத்தியதைச் சொல்லவே வேண்டாம். தூக்குக்குண்டு பிடிக்கவில்லை, ரசமட்டம் வைக்கவில்லை. கீலின் திருகாணிகளைத் திருகவில்லை, சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். அடித்த ஆணி மரத்தைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, மரை பிடிக்காது. நிலைக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளியை மக்கு வைத்துப் பூசி மறைத்தார்கள். குளியலறைக் கதவின் அடிவிளிம்பை அறுத்துவிட்டு, எதுவும் பூசாமல் வெறும் பலகையாக விட்டார்கள். ஆறே மாதத்தில் மறுபடி அப்பளம்.

எங்கள் பழைய கதவைக் கேட்டேன். "அது விறகுக்குப் போயிற்று சார்." உளுத்த கதவை யார் வண்டி வைத்து ஏற்றிப் போவார்கள்?

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. ஆனால் என்னிடம் ரசீது இல்லை, கைபேசியில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருக்கிறது. "தேக்கு" என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. ஒரு துண்டுத் தாளில் மரத்தின் பெயரையும் முழு மரமா தோலா என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதையே வேறு.

குளியலறைக் கதவுக்கு இன்றுவரை வாளியை முட்டுக் கொடுத்துத்தான் சாத்துகிறோம். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக் கதவை இழைத்துக் கொடுத்த ஆசாரி வருகிறார். முன்பணம் எவ்வளவு என்று கேட்டேன். புதுக் கதவைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்த பிறகு கொடுங்கள், அதுவரை பழையதில் கை வைக்க மாட்டேன் என்றார்.