மைக்ரோஷிஃப்ட் ஸ்வோர்டு: குறைந்த விலை கிராவல் க்ரூப்செட் பற்றிய முதல் கருத்து

தார்ச் சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டும் கிராவல் சைக்கிளுக்குக் குறைந்த விலையில் முழு க்ரூப்செட், அதாவது கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு, தேடியவர்கள் நெடுங்காலம் சாலை சைக்கிளின் பாகங்களையும் மலை சைக்கிளின் பாகங்களையும் கலந்து பொருத்தியே சமாளித்து வந்தார்கள். ஜப்பான் நிறுவனமான ஷிமானோ 2019இல் அறிமுகப்படுத்திய ஜிஆர்எக்ஸ் என்ற கிராவல் வரிசையின் கடைசிப் படியான 400 அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. அதற்கும் கீழே இருந்த இடைவெளியைக் குறிவைத்து, தைவான் நிறுவனமான மைக்ரோஷிஃப்ட் 2023இல் வெளியிட்டதுதான் ஸ்வோர்டு. முன்னால் ஒரு செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) கொண்ட வகை, இரண்டு கொண்ட வகை என இரு விதமாக வரும் இதில், பின்னால் பத்து கியர்கள். நான் பொருத்தியிருப்பது இரண்டு செயின்ரிங் வகை. ஏரிக்கரை மண்பாதைகளிலும் ஜல்லி பெயர்ந்த கிராமச் சாலைகளிலும் ஓட்டிப் பார்த்த அளவில் எழுதுகிறேன்.

இந்தத் தொகுப்பின் உண்மையான பலம், மேட்டில் ஏற உதவும் அதன் கீழ் கியர். முன்னால் 46, 29 பற்கள். பின்னால் 11 முதல் 38 பற்கள் வரையிலான கேசட், அதாவது பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு. 29 பல்லிலிருந்து 38 பல்லுக்குச் செயின் ஓடும்போது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுதான் சுற்றுகிறது. 40 மி.மீ. டயர் போட்ட சக்கரத்தில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். தொடக்க விலை சாலை சைக்கிள்களில் வழக்கமாக இருக்கும் 34 பல் செயின்ரிங்கும் 32 பல் கேசட்டும் அதே மிதிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதாவது அந்த வேகத்தைத் தாங்க முடியாதவர் மெதுவாகவும் கனமாகவும் மிதித்து முழங்காலை வருத்த வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். பையும் தண்ணீரும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுபவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். மேல்பக்கத்திலும் பெரிய இழப்பு இல்லை: 46க்கு 11 என்ற கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 50 கிலோமீட்டரை நெருங்கலாம்.

ஒற்றைச் செயின்ரிங் வகையைப் பலரும் எளிமைக்காக விரும்புகிறார்கள். அதன் 11-48 கேசட்டில் 15க்கு அடுத்தது 18, 34க்கு அடுத்தது 40, அதற்கும் அடுத்தது 48. எதிர்காற்றில் சீராக மிதித்துக்கொண்டிருப்பவர் 18இலிருந்து 15க்கு மாற்றினால், அதே வேகத்தில் 85 சுற்றாக இருந்த மிதி 71ஆக விழும். காட்டுப் பாதையில் இது உறுத்தாது. நீண்ட தார்ச் சாலையில் உறுத்தும். சாலையையும் மண்ணையும் ஒரே பயணத்தில் கடப்பவர்கள் இரட்டைச் செயின்ரிங்கை எடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஷிமானோவின் கேபிளால் இயங்கும் சாலை ஷிஃப்டர்களில் (ஹேண்டில்பாரிலுள்ள கியர் மாற்றிகள்) பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளிக் கியர் மாற்றுகிறோம். ஸ்வோர்டில் பிரேக் லீவர் பக்கவாட்டில் அசையாது. அதன் பின்னாலுள்ள இரண்டு தனித் தகடுகளே கியரை மாற்றுகின்றன. குலுங்கும் பாதையில் விரலைப் பிரேக்கில் வைத்தபடி ஓட்டும்போது இந்த ஏற்பாடு தரும் நம்பிக்கையை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும் சொடுக்குடன் நிகழ்கிறது. செயினைக் கியர்களுக்கிடையே நகர்த்தும் பின் டிரெய்லியரில் க்ளட்ச் இருக்கிறது. அது செயினை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் சட்டத்தில் செயின் அடிக்கும் சத்தம் வெகுவாகக் குறைகிறது. சக்கரத்தைக் கழற்றும்போது க்ளட்ச்சை ஒரு சிறு சுவிட்ச்சால் தளர்த்திக்கொள்ளலாம்.

கேசட், பரவலாகப் புழங்கும் ஷிமானோ எச்ஜி வகை ஹப்பிலேயே (சக்கரத்தின் மையப் பகுதி) பொருந்துவதால் இருக்கும் சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை. பத்து கியர் செயினும் எளிதில் கிடைக்கக்கூடியது. குறைந்த விலைப் பொருளைப் பொறுத்தவரை, தேய்ந்த பிறகு மாற்ற ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பிரேக்கில்தான் விலையின் எல்லை தெரிகிறது. ஸ்வோர்டின் லீவர்கள் கேபிளில் மட்டுமே இயங்குபவை; ஜிஆர்எக்ஸ் 400இல் உள்ளதுபோல் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் லீவர் இதில் இல்லை. நீண்ட இறக்கத்தில் கை சோர்வதை ஏற்க முடியாதவர்கள் கூடுதல் பணம் கொடுத்து ஜிஆர்எக்ஸுக்குப் போவதே சரி. ஸ்வோர்டையே வாங்குபவர்கள் மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை, பிரேக் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர்களில் இருபுறப் பேடுகளும் நகரும் வகைக்கும், அழுத்தத்தில் சுருங்காத பிரேக் கேபிள் உறைக்கும் ஒதுக்கட்டும். உறையை மட்டும் மாற்றினாலே லீவரின் தொளதொளப்பு கணிசமாகக் குறையும். ஹேண்டில்பார் டேப்பைச் சுற்றும் முன்பே அதைச் செய்துவிட்டால் மறுபடி பிரிக்கும் வேலை இருக்காது.